மூன்று பேர் கொண்டுவந்த தண்ணீர்

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, அச்சடித்தது எது கிடைத்தாலும் படித்துவிடுவேன். சுங்குவார்சத்திரத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த திருநெல்வேலி அண்ணனின் பைபிளையும் அப்படித்தான் எடுத்தேன்.

பழைய ஏற்பாட்டில் ஒரு ராஜாவின் வீரர்களைப் பற்றி வரும். ஒருவன் கை வாளோடு ஒட்டிக்கொள்ளும்வரை வெட்டுகிறான். இன்னொருவன், எல்லோரும் ஓடிய பிறகு, ஒரு பயறு வயலைக் காக்கத் தனியாக நிற்கிறான். இவர்களைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. பிறகு, பெயர்கூடத் தராமல் மூன்று பேர். ராஜா தன் ஊர்க் கிணற்றுத் தண்ணீருக்கு ஏங்குகிறான். கட்டளையில்லை, வெறும் ஏக்கம். ஊரோ எதிரிகள் கையில். மூவரும் எதிரிகளுக்கு நடுவே புகுந்து தண்ணீர் மொண்டு வருகிறார்கள். அதுவரை படித்தபோது கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மூடி வைத்துவிட்டு ஓடினேன்.

அன்று சனிக்கிழமை. நான் டிரெய்னி. யாரைப் பர்மனென்ட் ஆக்கலாம் என்று அடுத்த வாரம் எங்கள் சூப்பர்வைசர்தான் எழுதித் தர வேண்டும். பிசிறு நீக்காத பாகங்கள் மூன்று பெட்டி தேங்கிக் கிடந்தன. அந்த மாதம் ஓவர்டைம், அதாவது ஓ.டி., கிடையாது. ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது அவர் பெட்டிகளைப் பார்த்து, "திங்கக்கெழமைக்குள்ள இது மட்டும் முடிஞ்சிருந்தா..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார்.

காலையில் படித்த அந்த மூன்று பேர் நினைவுக்கு வந்தார்கள். லைனில் இன்னும் இரண்டு டிரெய்னிகளைச் சேர்த்துக்கொண்டேன். ஓ.டி. ஏறி அவருக்குச் சிக்கல் வரக்கூடாதென்று, வீட்டுக்குப் போவதாகக் கார்டைப் பஞ்ச் செய்துவிட்டு உள்ளே திரும்பினோம். பொழுது சாயும்வரை கிரைண்டரில் உட்கார்ந்து முடித்தோம்.

திங்கள் காலை, யார் செய்தது என்று கேட்டார். பஞ்ச் செய்த விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன், பெருமையாகத்தான். மூன்று பெட்டியிலும் சிவப்பு அட்டை கட்டி ஸ்கிராப்புக்குத் தள்ளச் சொன்னார்.

"சார், எல்லாம் நல்ல பீஸ்."

"நல்ல பீஸ்தான். ஆனா ரெகார்டுல நீ வூட்டுக்குப் போய்ட்ட. கிரைண்டர்ல கை போயிருந்தா உங்கப்பாகிட்ட நான் இன்னான்னு சொல்றது? எனக்கு வாணாம்பா அது."

மேனேஜரிடம் அதற்குத் திட்டு வாங்கியது அவர்தான். எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அறையில் அண்ணனிடம் சொன்னபோது சிரித்தார். "முழுசா படிச்சியாடே? ராஜா அந்தத் தண்ணியக் குடிக்கல. உசுரப் பணயம் வச்சுக் கொண்டாந்தது, அது அவங்க ரத்தம்லா. கடவுளுக்குன்னு தரையில ஊத்திட்டாரு."

அது மரியாதையா அவமரியாதையா என்று கேட்டேன். மரியாதைதான் என்றார். எனக்குப் புரியவில்லை. அந்த மூன்று பேருக்கு ஈர மண் மட்டும்தானே தெரிந்திருக்கும்? கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் சொன்னது சரியென்று பட்டது. படுக்கப் போகும்போது மறுபடியும் இல்லையென்று பட்டது.

வியாழனன்று எங்கள் மூவர் படிவத்திலும் 'மேலும் ஆறு மாதம் டிரெய்னி' என்று எழுதினார் சூப்பர்வைசர். கோபமெல்லாம் இல்லை என்றார். டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். என் கைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று சார் பயந்துபோனதையும் சொன்னேன்.

"உம்மேல அவ்ளோ அக்கறை கீதுன்னா, பர்மனென்ட் பண்றதுக்கு இன்னாவாம் அவருக்கு?" என்றார்.

தெரியலப்பா என்றேன்.