மேலே மட்டும் போட்ட தையல்

என் மகள் பிறந்தது செங்கல்பட்டில், ஒரு தனியார் நர்சிங் ஹோமில். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் குடியிருந்தது மாமல்லபுரத்தில். பிரசவத்துக்கு அவ்வளவு தூரம் போனதற்கு ஒரே காரணம், என் வீட்டுக்காரரின் அக்கா அங்கே நர்ஸாக இருந்தார். நானும் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் டூட்டி முடிந்த கையோடு பஸ் ஏறி வந்து, மாத்திரை கொடுத்து, ரசம் வைத்துவிட்டுப் போவார்.

"நான் கீறப்போ நீ இன்னாத்துக்கு பயப்படற? ஒண்ணியும் ஆவாது," என்று ஏழாம் மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

காலையில் வலி வந்தது. மதியம்வரை டாக்டரம்மா வரவில்லை. குழந்தை பெரியது, தலை இறங்கி அப்படியே நின்றுவிட்டது. ஆயா முழங்கையை என் வயிற்றின்மேல் வைத்து அழுத்தினாள். உள்ளே ஏதோ கிழிவது எனக்குத் தெரிந்தது, அதற்கு அடுத்த நொடி குழந்தையின் அழுகை கேட்டது. பிறகு யாரோ தையல் போட்டார்கள். என்னால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

"டாக்டரம்மா வந்துட்டாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"ஆச்சும்மா, ஆச்சு. நீ கண்ண மூடிக்கோ," என்றார்.

டாக்டரம்மாவை நான் பார்த்தது சாயங்காலம்தான். குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, "நல்ல கலர்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, என்னால் எதையும் அடக்க முடியவில்லை என்று. காற்று பிரிவது என் கையில் இல்லை. வயிறு கொஞ்சம் இளகினால் கழிவறை வரை நடப்பதற்குள் புடவை பாழாகிவிடும். இருபத்து மூன்று வயதில், கைக்குழந்தைக்குத் துணி மாற்றிய கையோடு எனக்கும் மாற்றிக்கொண்டேன். குழந்தையின் துணிகளைக் கொடியில் வெயில் பட உலர்த்தினேன். என்னுடையதைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால்.

அக்காவிடம்தான் சொன்னேன். வேறு யாரிடம் சொல்ல முடியும்?

"அதெல்லாம் அல்லாருக்கும் இருக்கறதுதாம்மா. வெளிய சொல்லிக்க மாட்டாங்க. ஆறு மாசத்துல தானா சரியாப் பூடும்," என்றார்.

வெந்நீரில் மருந்து கலந்து உட்காரச் சொன்னார். பழைய புடவைகளைக் கிழித்து, மடித்து, ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். ஆறு மாதம் போனது. இரண்டு வருடமும் போனது. வேறு டாக்டரிடம் காட்டட்டுமா என்று நான் கேட்கும்போதெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: "அங்க போனா கத்திய எடுப்பாங்க. இருக்கறதும் கெட்டுப் பூடும். நான் உனக்குக் கெடுதல் சொல்வேனா?"

எங்களுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. வீட்டுக்காரர் டூரிஸ்ட் வேன் ஓட்டினார், பூத்தை நான் பார்த்துக்கொண்டேன். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் வெள்ளைக்காரர்கள் நின்று அவர்கள் ஊருக்குப் பேசுவதையும், சிற்பப் பட்டறை ஆட்கள் சொந்த ஊருக்குக் கத்திப் பேசுவதையும் கேட்டுக்கொண்டே மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குழந்தைக்கு ஒரு வயதானதும் மறுபடி போய் உட்கார்ந்தேன். ஒருநாள் வாடிக்கையாக வரும் பட்டறைக்காரர் ஒருவர் கூண்டிலிருந்து வெளியே வந்து, "இன்னாம்மா, எங்கியோ எலி செத்துக் கீது போல. பாத்து எடுத்துப் போடு," என்றார். என்னைச் சொல்லவில்லை, நிஜமாகவே எலி என்றுதான் நினைத்தார். எனக்காகக் குனிந்து மேஜைக்கு அடியில் தேடவும் செய்தார். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. பூத்துக்கு வேறொரு பெண்ணை வைத்தோம்.

அதற்குப் பிறகு வெளியே போகவேண்டிய நாட்களில் முதல் நாள் மதியத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். கல்யாணங்களில் தாலி கட்டியதும் பந்திக்கு நிற்காமல் கிளம்பிவிடுவேன். ஒரு வருடம் மகள் வேடந்தாங்கலுக்குப் போகவேண்டும் என்று அடம் பிடித்தாள். கோபுரத்தில் ஏறி நின்று பறவை பார்க்கும் இடத்தில் கழிவறைக்கு நான் எங்கே ஓடுவேன்? அக்காதான் அவளை அழைத்துப்போனார். திரும்பி வந்து மகள் நத்தைகுத்தி நாரையைப் பற்றி என்னிடம் அத்தையின் குரலிலேயே சொன்னாள். விருந்தாளிகள் கூப்பிட்டால், "எங்கம்மா எங்கியும் வர மாட்டாங்க," என்று பதில் சொல்லவும் பழகிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் பாயை ஹாலில் போட்டுக்கொண்டார். ஒருமுறை அவரிடம் நேராகவே கேட்டேன், என்னை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள் என்று.

"அக்காவுக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரிஞ்சிடப் போவுது? உனக்கு மனசுலதான் ஏதோ கீது," என்றார்.

நானும் அப்படித்தான் இருக்குமோ என்று நம்பினேன். அதை இன்றைக்கு எழுதுவதற்குத்தான் கஷ்டமாக இருக்கிறது.

ஏழு வருடம் கழித்து மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமானது. அக்கா அப்போது திருப்பதி போயிருந்தார். காத்திருக்க முடியாமல் நானே செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பரிசோதித்த டாக்டர் சின்னப் பெண், என்னைவிட வயது குறைவு. கையுறையைக் கழற்றினாள். பிறகு ரத்தப்போக்கை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டாள்.

"மோஷன் அடக்க முடியுதாம்மா?"

இல்லை என்று தலையசைத்தேன். "அது எல்லாருக்கும் இருக்கறதுதானேம்மா?"

"யார் சொன்னது?"

சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, அதில் ஒரு இடத்தைப் பேனாவால் அறுத்துக் காட்டினாள். "இந்தச் சதை இப்படி வளையமா இருக்கணும். பிரசவத்துல உங்களுக்கு இது அறுந்திருக்கு. உள்ள சதையைச் சேர்க்காம மேல தோலை மட்டும் இழுத்துத் தைச்சிருக்காங்க. அப்பவே ஒரு சர்ஜன்கிட்ட அனுப்பியிருந்தா இவ்வளவு வருஷம் கஷ்டப்பட்டிருக்க மாட்டீங்க. இப்பவும் பண்ணலாம். நூறு சதவீதம் சரியாகும்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

ரத்தப்போக்குக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, பிரசவ சமயத்துச் சீட்டு இருந்தால் கொண்டுவரச் சொன்னாள்.

அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. என் மனசில் ஒன்றும் இல்லை, உடம்பில்தான் இருக்கிறது, அதற்கு வைத்தியமும் இருக்கிறது. இதை அக்காவிடம் சொல்லவேண்டும், பாவம், அவருக்கும் தெரியாமல் போய்விட்டதே என்றுதான் நினைத்தேன். அவர் திருப்பதியிலிருந்து திரும்பிய அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். யூனிஃபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். லட்டுப் பிரசாதத்தை என் கையில் வைத்தார். நான் டாக்டர் கொடுத்த சீட்டை நீட்டினேன். வாங்கிப் படித்தார், திருப்பி அந்த வட்டத்தைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அந்த டாக்டராண்ட என் பேரு சொன்னியா?"

அவர் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு அப்போதும் புரியவில்லை. "உங்க பேரு எதுக்குக்கா?" என்றேன்.

அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். "டாக்டரம்மா அன்னிக்கு வரல. ரத்தம் ஊத்திகினு இருந்துச்சி. நான்தான் தையல் போட்டேன்."

"உங்களுக்குத் தெரியாமத்தானே ஆயிடுச்சி?"

"போட்டப்பவே தெரியும். எனக்கு மேல மட்டுந்தான் போடத் தெரியும்."

"அப்புறம் ஏன்கா சொல்லல?"

"சொன்னா பெரிய எடத்துக்கு அனுப்பணும். அங்க யாரு போட்டாங்கன்னு கேப்பாங்க. என் வேலை பூடும், அந்த அம்மாவுக்கும் கெட்ட பேரு. தானா கூடிடும்னு நெனச்சேன். அப்புறம் சொல்ல வாய் வரல."

ஏழு வருடம். கிழித்து மடித்துக் கொண்டுவந்த அந்தத் துணிகளை நினைத்துக்கொண்டேன். நான் வேறு டாக்டர் என்று வாயெடுக்கும்போதெல்லாம் வந்து விழுந்த அந்தக் கத்தி பயத்தையும். லட்டு கையில் பிசுபிசுத்தது. அதை டீப்பாயின்மேல் வைத்துவிட்டு எழுந்தேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் பின்னாலேயே வந்து, "தம்பிய ஒண்ணும் சொல்லாத. நான்தான் அவனாண்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கனேன்," என்றார்.

அப்படித்தான் என் வீட்டுக்காரருக்கும் எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்காரர் மறுக்கவில்லை. "கொழந்த பொறந்த மாசமே சொன்னாங்க. அவங்க சம்பாத்தியத்துலதான் நான் வளந்தேன். எப்படிக் காட்டிக் குடுக்கறது?" என்றார்.

"என்னைக் காட்டிக் குடுத்தீங்களே."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா சொல்லாமல் இருந்ததைக்கூடப் பயம் என்று ஒருவாறு எடுத்துக்கொள்ள முடிந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே என்னை மனநோயாளி என்று நம்பவைத்த ஆளோடு நான் ஒரே கூரையின் கீழ் சோறு ஆக்கியதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆபரேஷனுக்கு என் அம்மா வந்து துணைக்கு இருந்தாள். வார்டில் பக்கத்துக் கட்டிலில் திருப்போரூர் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கி, வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதோடேயே பத்து வருடம் நாற்று நட்டிருக்கிறாள். "இத்தன நாளா எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சிகினு இருந்தேன்," என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொன்னேன். இருவரும் வெகுநேரம் பேசினோம். இத்தனை வருடங்களில் இதைப் பற்றி நான் வெட்கமில்லாமல் பேசியது அவளிடம்தான்.

டாக்டர் சொன்ன மாதிரியே, முழுசாகச் சரியாகவில்லை. காற்றை அடக்குவது இன்றும் சிரமம்தான். ஆனால் துணி வைப்பது நின்றது. பஸ்ஸில் ஏறுகிறேன், பந்தியில் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிடுகிறேன். மறுபடி பூத்துக்குப் போன இரண்டொரு வருடத்தில் எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டது. கூண்டைக் கழற்றிவிட்டு ஜெராக்ஸ் மெஷின் வைத்தோம். வீட்டுக்காரர் பாயை மறுபடி உள்ளே கொண்டுவந்தார். நான் எடுத்துக்கொண்டு போய் ஹாலிலேயே போட்டேன். அவரை விட்டுப் போகவில்லை. மகள் இருந்தாள், போக்கிடமும் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று மட்டும் யாரும் நினைக்கவேண்டாம்.

அக்கா அதே நர்சிங் ஹோமில் வேலையைத் தொடர்ந்தார். மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குச் சீர்த்தட்டோடு வந்தார். பக்கத்து வீட்டு மருமகள் அப்போது எட்டு மாதம். அக்கா அவள் வயிற்றைத் தடவி, "எங்க நர்சிங் ஹோமுக்கு வந்துடும்மா, நான் பாத்துக்கறேன்," என்றார். கூட்டம் நிறைய இருந்தது, மைக் செட் பாடிக்கொண்டிருந்தது.

நான் தாம்பாளத்தைக் கீழே வைத்தேன். "அங்க போவாத. எனக்கு அங்கதான் கிழிஞ்சது. டாக்டர் வரல. இவங்கதான் தெரியாத தையலப் போட்டு, ஏழு வருஷம் மறைச்சாங்க," என்றேன். சத்தம் போடவில்லை. பக்கத்தில் நின்ற நாலைந்து பேருக்கு மட்டும் கேட்டிருக்கும்.

அக்கா சாப்பிடாமல் போய்விட்டார். பிறகு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. அன்று சாயங்காலம் பந்தல்காரர் கழிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் என்னிடம், "நல்ல நாளும் அதுவுமா இத்தச் சொல்லணுமா?" என்று கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவம். வேற எப்பச் சொல்றது?" என்றேன்.

அந்தப் பெண் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். போவதற்கு முன்னால் ஒருநாள் மதியம் என்னிடம் வந்து, டாக்டரிடம் எதை எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று விசாரித்துவிட்டுப் போனாள்.