வெள்ளிக்கிழமை என்று சொன்னவள்

அந்தத் தையல் ஆலையில் எல்லோரும் அவளை 'இஸ்திரி அக்கா' என்றே அழைத்தார்கள். சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுப் போட்டு வலது உள்ளங்கை காய்த்துப்போனவள், வரிசை மேற்பார்வையாளர் ஆகியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கு ஆங்கிலம் வேண்டும். எனவே பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் நடந்த மாலை வகுப்பில் சேர்ந்தாள். அங்கே முதல் பாடம் எதிர்கால வினைச்சொல்.

"இருக்கிற காலத்துக்கே அண்ணிக்கு நேரமில்ல. இதுல எதிர்காலம் வேற படிக்கிறாங்களாம்!" என்று நாத்தனார் நக்கலடித்தாள்.

"சிரி, நல்லாச் சிரி. உனக்கு இங்கிலீஷ்லயே பதில் சொல்ற நாள் வரும்."

வினைச்சொல்லுக்கு முன்னால் 'வில்' வைத்தால் வாக்குக் கொடுத்ததாகும். 'கோயிங் டு' வைத்தால் முன்பே தீர்மானித்துவிட்டதாகும். 'வில்'லுக்குப் பின் 'நாட்' சேர்த்தால் மாட்டேன் என்றாகும். தமிழில் ஒரே 'முடிப்போம்' பார்க்கிற வேலைக்கு இத்தனை ஏற்பாடா என்று முதலில் எரிச்சல்பட்டாலும், ஆவி பறக்கும் மேசையருகே அவற்றையே முணுமுணுக்கத் தொடங்கினாள்.

அவள் ஆங்கிலம் படிப்பதை அறிந்த மேலாளர் அவளைத் தற்காலிக மேற்பார்வையாளர் ஆக்கினார். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர் வரும்போதெல்லாம் வரிசை வரிசையாக நடந்து, வேலை எப்போது முடியும் என்று மேற்பார்வையாளர்களையே கேட்பார். 'வில் ஃபினிஷ் டுமாரோ' என்பதே அங்கே வழக்கமான பதில். சொல்லிவிட்டால் அன்றிரவு வாயிற்கதவு பூட்டப்படும். அந்தச் சொல்லைக் காப்பாற்றப் பெண்கள் விடியவிடியத் தைப்பார்கள். காய்ச்சலில் கிடந்த மகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு அவளும் அப்படி நின்றிருக்கிறாள்.

"இந்த ஒரு வாக்கியத்தை ஒப்பிச்சுடும்மா. பதவி உனக்குத்தான்," என்றார் மேலாளர்.

வெளிநாட்டுக்காரர் வந்து கேட்டார். தைக்காத காலர்கள் மலையாய்க் குவிந்து கிடப்பதை அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"வீ வில் நாட் ஃபினிஷ் டுமாரோ."

மேலாளரின் முகம் வெளிறியது.

"வீ ஆர் கோயிங் டு ஃபினிஷ் ஆன் ஃப்ரைடே."

வெளிநாட்டுக்காரர் "ஃப்ரைடே" என்று தலையசைத்து, அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

"உன்னை யாரு சொந்தமா பேசச் சொன்னது? நாளைலேருந்து இஸ்திரி மேசைக்கே போ!" என்று மேலாளர் சீறினார்.

"போறேன் சார். எனக்கு ஒண்ணும் புதுசில்ல. ஆனா வெள்ளிக்கிழமைன்னு அவர்கிட்ட சொல்லியாச்சு. இன்னிக்கு ராத்திரி கதவு பூட்டினா, ஏன்னு அடுத்த தடவை அவர்கிட்டயே கேப்பேன். இப்ப எனக்குக் கேக்கத் தெரியும்."

மாலை மணி அடித்தபோது வாயிற்கதவு திறந்தே கிடந்தது. கைக்கு எட்டிய பதவி நழுவிய வருத்தம் அவளுக்கு இருந்தது. அதோடு வகுப்புக்கு நடந்தவளை, காலர் தைக்கும் பெண் ஓடிவந்து பிடித்தாள்.

"அக்கா, அவர்கிட்ட என்ன சொன்னே?"

"முடியாதுன்னு சொன்னேன்."

"எனக்கும் அதைச் சொல்லிக்குடு."

"நட, வழியில சொல்றேன்."