பத்தாவது ஆள்

இசக்கிமுத்துவுக்குப் பாம்பென்றால் பயமில்லை, போலீஸ் என்றால் பயமில்லை, மழைக்காலத்தில் தாராவிச் சாக்கடை முழங்காலுக்கு ஏறினாலும் பயமில்லை. பத்து என்றால்தான் பயம். அவருடைய பை தைக்கிற பட்டறையில் ஒன்பது பேர் வேலை பார்த்தார்கள். அதற்கு மேல் ஒருவர் வந்து, "சேட், வேலை இருக்கா?" என்று கேட்டுவிட்டால் போதும், கடன்காரனைக் கண்டதுபோல முகம் மாறிவிடும்.

நான் அவர் பட்டறைக்குக் கீழே ஜிப்பும் பக்கிளும் விற்கிறவன். பெயர் சுடலைக்கண்ணன். மேலே மிஷின் ஓடினால் கீழே என் கூரையும் சேர்ந்து ஓடும். ஆகவே அவரைப் பற்றி எழுத எனக்கு முழு உரிமை உண்டு. அவர் இதைப் படிக்க மாட்டார், பேப்பரில் ராசிபலன் தவிர எதையும் படிக்கிற வழக்கம் இல்லை. அவர் வீட்டம்மா படிப்பார். அதை நினைத்தால்தான் கொஞ்சம் உதறுகிறது.

பத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மோட்டார் வைத்த மிஷினோடு பத்துப் பேர் வேலை பார்த்தால் அந்த இடத்துக்குச் சட்டப்படி தொழிற்சாலை என்று பெயர். அந்தப் பெயர் வந்துவிட்டால் லைசென்ஸ், ரிஜிஸ்டர், ஜன்னல், கக்கூஸ், இன்ஸ்பெக்டர் என்று மாப்பிள்ளை அழைப்பு மாதிரி ஒரு கூட்டமே பின்னால் வரும். ஒன்பது பேர் என்றால் வாயை மூடிக்கொண்டு பிழைப்பைப் பார்க்கலாம். அதனால் எங்கள் சந்தில் எந்தப் பட்டறையில் கேட்டாலும் ஒன்பது பேர்தான். ஆர்டர் இரண்டு மடங்கானாலும் ஒன்பது பேர்தான். இந்த நாட்டில் சின்னத் தொழில் ஏன் பெரிதாவதில்லை என்று டிவியில் கோட்டுப் போட்டவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் சந்துக்கு வந்து அரை கிளாஸ் கட்டிங் சாய் குடிக்கலாமே.

மற்ற முதலாளிகளுக்கு ஒன்பது ஒரு தந்திரம். இசக்கிமுத்துவுக்கு அது பட்ட காயம். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்த புதிதில் அவர் ஒரு சூட்கேஸ் பட்டறையில் சேர்ந்தார். அங்கே அவர்தான் பத்தாவது ஆள். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் கிடைத்தால் முதலாளி அவரைப் பின்பக்க இரும்பு ஏணி வழியாக இறக்கிவிடுவார். அதிகாரி போன பிறகு ஏறி வரலாம். ஒருநாள் இறங்கியவரை மேலே கூப்பிட எல்லாரும் மறந்துபோனார்கள். மழையில் நின்று பார்த்துவிட்டு அவராகவே ஏறிப் போனபோது, "நீ இருந்தாலே தலைவலிப்பா" என்று சட்டையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு தாராவியிலேயே நல்ல கட்டிங் மாஸ்டர் என்று பேர் எடுத்தார், தானே பட்டறை போட்டார், கல்யாணம் கட்டினார். தன் பட்டறையிலும் பின்பக்கம் ஓர் ஏணி வைத்தார். வருஷாவருஷம் அதற்குப் பெயின்ட் அடிப்பார். யாரை இறக்குவதற்கு என்று கேட்டால் பிரஷ்ஷை மறுபடி டப்பாவில் முக்குவார்.

பள்ளிக்கூடப் பை ஆர்டர் கூடியது. ஒன்பது பேரால் முடியவில்லை. ஆள் சேர்க்கவும் மனசில்லை. மாட்டுங்காவிலிருந்து அனந்த் என்கிற கன்சல்டன்ட்டை அழைத்து வந்தார். பாலக்காட்டுக் குடும்பம், சின்னக் கம்பெனிகளுக்குச் சட்டக் காகிதம் பார்க்கிற தொழில். முன்பக்க ஏணி ஏறி வந்ததும் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"ரெண்டா பிரிச்சுடுங்கோ. இன்னொரு யூனிட்டு, உங்காத்துக்காரி பேர்ல. ஆனா ஒண்ணு. வேறன்னா எல்லாமே வேறயா இருக்கணும், கேட்டேளா? மீட்டர் வேற, போர்டு வேற, ரிஜிஸ்டர் வேற, மொதலாளி வேற."

"மொதலாளி எப்படி சார் வேற? அவ என் பொண்டாட்டில்லா?"

"அது ஆத்துல. பேப்பர்ல அவா தனி."

இசக்கிமுத்துவின் மனைவி சங்கரேஸ்வரி அப்போது மூலையில் உட்கார்ந்து, தைத்து முடித்த பைகளில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. கத்தரி மட்டும் நின்றுவிட்டது. அனந்த் சொன்னதைப் புருஷன் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். பெண்டாட்டி இரண்டு காதிலும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

அறைக்கு நடுவே சங்கரேஸ்வரியின் பழைய பச்சைப் புடவை திரையாக ஏறியது. இந்தப் பக்கம் இசக்கி பேக் ஒர்க்ஸ், அந்தப் பக்கம் சங்கரேஸ்வரி பேக் ஒர்க்ஸ். பிறகு நடந்த கூத்தை மும்பை முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. டீக்காரர் ஒரே அறைக்கு இரண்டு தடவை ஏணி ஏறினார். ஆயுத பூஜைக்கு இரண்டு பூசணிக்காய் உடைந்தது. மின்விசிறி மட்டும் ஒன்று. அது எந்தக் கம்பெனியின் காற்று என்று அனந்த் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தார்.

இசக்கிமுத்து புடவைக்கு அடியில் கையை நீட்டி, "ஏட்டி, அந்தக் கறுப்பு நூல்கண்ட எடு" என்பார்.

"பில் போடவா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

முதலில் இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு பில் நிஜமாகவே வந்தது. சிரிப்பு நின்றது.

அந்த அம்மாள் வேறு என்றால் எல்லாம் வேறு என்பதை அப்படியே பிடித்துக்கொண்டார். பெண்களை மட்டும் வேலைக்கு வைத்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லீவு கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓடாது என்றார். சின்னதாக ஒரு வேலைக் கடிதம் எழுதி ஒவ்வொருத்தியிடமும் கொடுத்தார். ஹார்பர் லைன் ரயிலில் ஏறி வாஷிக்குப் போய், ஒரு கடைக்கு லேப்டாப் பை என்று தனி ஆர்டரே பிடித்து வந்தார். அங்கே வேலைக்குச் சேர்ந்த பெண் யாரும் விட்டுப் போனதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பக்கம் பழைய பாட்டுத்தான். யாருக்கும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பி.எஃப். தருகிறார்கள், ஆஸ்பத்திரிக்கு ஈ.எஸ்.ஐ. கார்டு தருகிறார்கள் என்று அவரிடம் தைத்துக்கொண்டிருந்த காரிகர்கள் ஒவ்வொருவராகப் பிவண்டிப் பக்கத்துப் பெரிய கம்பெனிகளுக்குக் கிளம்பினார்கள். கடைசியில் மிஷின்கள் அப்படியே இருந்தன, ஓட்டுவதற்கு இசக்கிமுத்து ஒருத்தர் இருந்தார். பத்துக்குப் பயந்து பயந்து மனுஷன் ஒன்றில் வந்து நின்றார்.

போன கார்த்திகையில் பழைய தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி நான்காக்கினார்கள். அனந்த் போன் பண்ணினார். இனிமேல் மோட்டார் மிஷின் வைத்த இடம் தொழிற்சாலை ஆக இருபது பேர் வேண்டும், திரை தேவையில்லை என்றார். வேறு சில கணக்குகள் பழையபடிதான் என்றும் சொல்ல ஆரம்பித்தாராம். அதற்குள் இசக்கிமுத்து போனை வைத்துவிட்டு ஜிலேபி வாங்க ஓடினார்.

"சுடலை, விடுதலை வே! இனி பத்தொம்பது வரைக்கும் போலாம்," என்று என் கையில் ஒரு துண்டைத் திணித்தார். பத்தை விட்ட கையோடு பத்தொன்பதைப் பிடித்துக்கொண்டார். பயப்பட ஏதாவது ஒன்று வேண்டுமல்லவா.

நேராக மேலே போனார். ஸ்டூலைப் போட்டு ஏறிப் புடவையின் முடிச்சில் கைவைத்தார். நான் ஜிலேபியோடு பின்னால் நின்றேன்.

"அதத் தொடாதிய," என்றார் சங்கரேஸ்வரி.

"ஏட்டி, சட்டம் மாறிட்டு. இனி ரெண்டு யூனிட்டு எதுக்கு? எல்லாம் ஒண்ணு. எம்பேர்ல."

"அப்ப நான்?"

"நீ எப்பவும் போல."

"எப்பவும் போலன்னா? மூலையில இருந்து நூல் வெட்டவா?"

இசக்கிமுத்து ஸ்டூல்மேல் நின்றபடி என்னைப் பார்த்தார். நான் ஜிலேபியைப் பார்த்தேன். அந்தப் பக்கத்து மிஷின்கள் எல்லாம் ஓசையடங்கி நின்றன. அந்த முடிச்சு அவிழ்ந்தால் சங்கரேஸ்வரி மட்டுமல்ல, அந்தப் பெண்களும் காகிதம் இல்லாத பக்கத்துக்கு வந்துவிடுவார்கள். எனக்கு இசக்கிமுத்துமேல் நிஜமாகவே கோபம் வந்தது. இத்தனைக்கும் வாயில் இருந்தது அவர் வாங்கித் தந்த ஜிலேபி.

சங்கரேஸ்வரி கத்தவில்லை. "எங்கிட்ட ஒம்பது பேரு இருக்காவ. இன்னும் ஒரு ஆளு வந்தா எல்லாருக்கும் ஈ.எஸ்.ஐ. கார்டு கெடைக்கும். கடைசி மிஷின் ஆறுமுகத்தாய்க்குப் பித்தப்பையில கல்லு. ஆபரேசனுக்கு அவ அங்கயும் இங்கயும் அலைய வேண்டாம்."

"சட்டமே இருபதுன்னு சொல்லுது. நீ என்ன பழையபடி பத்துக்குப் போற?"

"அது ஃபாக்டரிக்கு. இது ஆஸ்பத்திரிக்கு. அனந்த் சார் சொல்லுததுக்குள்ள நீங்கதான் போன வச்சிட்டிய. நான் முழுசும் கேட்டுக்கிட்டேன்."

அவர் மெல்ல ஸ்டூலிலிருந்து இறங்கினார். அந்த அம்மாள் ஸ்டூலை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"வார ஆளு கட்டிங் தெரிஞ்ச ஆளா வேணும். தாராவியில அப்படி ஒருத்தருதான் இருக்காரு. இப்ப அவருக்கு வேலையும் இல்ல," என்றார். "லெட்டர் தருவேன். கார்டு தருவேன். பத்தாவது ஆளா வாரியளா?"

இசக்கிமுத்து பின்பக்கத்து ஏணியைத் திரும்பிப் பார்த்தார். அவர் எந்த ஏணியை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். சங்கரேஸ்வரிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அதன் பிறகு கொஞ்ச நாள் என் கடையில் வந்து உட்கார்ந்து பக்கிள்களைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"பொண்டாட்டிகிட்டயா வே வேலைக்குப் போறது?"

"இத்தன வருசமா வேற யாருகிட்ட வேல பாத்தீரு?" என்றேன்.

கோபித்துக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் நான் ஜிப் கட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போனபோது புடவை இறங்கியிருந்தது. முடிச்சை அவிழ்த்தவர் அவர், மடித்து வைத்தவர் அந்த அம்மாள். வாசலில் ஒரு போர்டுதான் மிச்சம். அது யார் பெயரில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இசக்கிமுத்து வேலைக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யாரும் கேட்காமலே எல்லாரிடமும் காட்டினார். "கட்டிங் மாஸ்டர்னு போட்டிருக்கு பாரும்" என்று என்னிடம் இரண்டு தடவை காட்டினார்.

தை மாதத்தில் ஒருநாள் ஆள் எண்ணிக்கையைச் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். மராத்திக்கார அம்மாள், முன்பக்க ஏணியில் பார்த்துப் பார்த்து ஏறினார். யாரோ, "ஆபீசர் வாராவ" என்று சொன்னதுதான் தாமதம், இசக்கிமுத்து கத்தரியை வைத்தார், எழுந்தார், பின்பக்கம் போனார், ஏணியில் இறங்க ஆரம்பித்தார். அவரை யாரும் போகச் சொல்லவில்லை. ஐம்பது தாண்டிய ஆள், தொப்பை வேறு, ஒரு கால் அந்தரத்தில் படியைத் தேடிக்கொண்டிருந்தது. அவரை வைத்து எவ்வளவோ சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, கொண்டுபோயிருந்த ஜிப் கட்டைக் கீழே வைத்தேன்.

"எங்க போறிய?" என்றார் சங்கரேஸ்வரி, அதிகாரி நிற்பதையும் பாராமல். "மேல வாங்க. ஒங்களயும்லா எண்ணணும்."

அதிகாரி விரலை நீட்டி, மராத்தியில் ஏக், தோன், தீன் என்று ஒவ்வொரு மிஷினாக எண்ணிக்கொண்டு வந்தார். கடைசி மிஷினில் ஒன்பதாவதாக ஆறுமுகத்தாய். அதோடு விரல் நின்றது. இன்னொரு ஆள் எங்கே என்பதுபோல அறையைச் சுற்றிப் பார்த்தார்.

ஏணி வாயில் தலை மட்டும் தெரிய நின்ற இசக்கிமுத்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினார்.

"தஹா," என்றார்.

அதிகாரி குறித்துக்கொண்டார். இசக்கிமுத்து மேலே ஏறி வந்து, விட்ட இடத்திலிருந்து துணியை வெட்டத் தொடங்கினார்.