நாமக்கல் பக்கம் ஒரு இன்ஜினைப் பார்க்கப் போனது

யுத்தம் தொடங்கியதிலிருந்து இன்ஜின் உதிரி பாகம் எதுவும் கப்பலேறி வருவதில்லை. பழையதை உருக்கிப் புதிதாக வார்க்கத் தெரிந்தவனைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். நான் சேலத்தில் ஒரு நூல் மில்லில் பராமரிப்பு மெக்கானிக். நாமக்கல்லுக்கு மேற்கே, பாவாயம்மாள் என்பவரின் கிணற்று இன்ஜின் நின்று ஆறு நாளாகிவிட்டது என்று பங்குனி நடுவில் தகவல் வந்தது. போன ஐப்பசியில் அதைப் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டியவன் நான்தான். இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

காலை ஆறு மணிக்குச் சேலத்தில் கரிப் பஸ். பெட்ரோல் கட்டுப்பாட்டால் இப்போது பஸ்ஸுக்குப் பின்னால் கரி உலை தொங்குகிறது. நாமக்கல்லுக்கு முப்பத்திரண்டு மைல், பன்னிரண்டு அணா; கருவிப் பெட்டிக்குத் தனியாக இரண்டு அணா. ஏற்றம் வந்த இடத்தில் எல்லோரையும் இறங்கி நடக்கச் சொன்ன டிரைவர், என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "நீங்க உக்காருங்க. வண்டி நின்னுபோச்சுன்னா நீங்கதானுங்க வேணும்" என்றார். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் இறங்கி நடந்தேன். ஒன்பதே முக்காலுக்கு நாமக்கல். அங்கிருந்து நான்கு மைல் மாட்டுவண்டி, ஒன்றரை மணி நேரம்.

பாவாயம்மாளின் கணவர் இறந்து இரண்டு வருஷம். பண்ணையத்தை அந்த அம்மாளே பார்க்கிறார். மூன்று ஏக்கர் வாழை தண்ணீரில்லாமல் இலை மடிந்து நின்றது. இன்ஜின் கொட்டகையில் அவருடைய கொழுந்தனார் நல்லமுத்து, ஊர்க்காரர்கள் இருவரைக் கூட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எண்ணெய் ஊத்தாம ஓட்டிக் கெடுத்துப்போட்டாங்க. பொம்பளை பாக்கற வேலைங்களா இது? இனிமே பண்ணையத்தை நானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்" என்றார் அவர்.

பாவாயம்மாள் அவரைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினார். "காலைல ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா நான் எண்ணெய் ஊத்தாத நாளில்லைங்க பாய். சத்தம் மாறுனதும் நாந்தான் நிறுத்துனேன்."

பிரித்தேன். சுழலும் தண்டைத் தாங்கும் பெரிய பேரிங்கின் உலோகம் உருகி வழிந்திருந்தது. ஆனால் மேலே எண்ணெய்க் கிண்ணம் நிறைந்திருந்தது. எண்ணெய் இறங்கும் துளையில் கம்பியை விட்டுக் குத்தினேன். ஒரு நூல் சுருள் வெளியே வந்தது.

இந்தப் பக்கத்தில் இன்ஜின் துடைக்கக் கிழிந்த வேட்டிதான். இது எங்கள் மில்லின் கழிவு நூல். ஐப்பசியில் நான் கொண்டுவந்து துடைத்ததில் ஒரு துணுக்கு உள்ளே தங்கி, மெல்ல நகர்ந்து துளையை அடைத்திருக்கிறது.

யாரும் கவனிக்கவில்லை. சட்டைப் பையில் போட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். இருபது வருஷத்தில் நான் பூட்டிய இயந்திரம் என்னால் கெட்டது என்று ஒருவரும் சொன்னதில்லை. உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினேன்.

"அப்ப உங்க தப்புங்களா?" என்றார் நல்லமுத்து.

"ஆமாங்க. அவங்க ஊத்துன எண்ணெய் உள்ள இறங்காம போனது என்னாலதான். சத்தம் கேட்ட உடனே அவங்க நிறுத்தலைன்னா தண்டும் போயிருக்கும். இப்ப சரிபண்ண முடியுதுன்னா அது அவங்களாலதான்."

பாவாயம்மாள், "சரிங்க பாய். ஓட வெக்க முடியுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் கரி அடுப்பில் உலோகத்தை உருக்கி வார்த்தேன். மறுநாள் காலை ஐந்தரைக்கு, வார்த்ததைத் தண்டுக்குப் பொருந்தச் சுரண்டும் வேலை. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தண்டில் பூசி, பேரிங்கை மாட்டிச் சுற்றி, கழற்றிப் பார்க்க வேண்டும். கறுப்பு ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்ட வேண்டும். பத்தொன்பது முறை மாட்டிக் கழற்றினேன். கடைசியில் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக ஒட்டியது. மில்லில் செய்ததைவிட நன்றாக வந்த வேலை அது.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பெரிய சக்கரத்தைச் சுற்றினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. பாவாயம்மாள் காதைச் சாய்த்துக் கேட்டு, "இதுதானுங்க அதோட சத்தம்" என்றார். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. நல்லமுத்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாழைக்கு மடை திறக்கப் போனார். கூலி வேண்டாமென்றேன், பாவாயம்மாளும் வற்புறுத்தவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

இந்த வழியில் வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் முன்பக்கம் உட்காருங்கள். பின்னால் உட்கார்ந்தால் கரித்தூள் மூக்கில் ஏறும். நாமக்கல்லிலிருந்து கடைசி பஸ் மாலை ஐந்துக்கு. மாட்டுவண்டி நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சுரண்டியைத் தீட்டியே கொண்டுபோங்கள். சாணைக் கல் அங்கே கிடைக்கவில்லை. துடைக்க நூல் வேண்டாம், துணி போதும்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று பேர் எனக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். தவறு செய்தவனை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று வந்த ஒருவரிடம் கேட்டேன். பாவாயம்மாள் சொல்லி அனுப்பினாராம்: "அவரு பூட்டுனதுல கோளாறு இருந்தா அவரே சொல்லிப்போடுவாருங்க."