நீல வெளிச்சமும் மேனேஜரின் போனும்

பசை செய்கிறவர்களுக்கு எதிரி தூசியோ ஈரமோ இல்லை, சுவிட்சைக் கண்டால் தட்டும் கைகள்தான். கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் பசைக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இருந்து வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். என்னைப் போல இருட்டறையில் மாரடிப்பவர்களுக்கு இது புரியும். எங்கள் பசையில் ஒரு வினையூக்கி கலந்திருக்கிறது. இருட்டில் அது சும்மா கிடக்கும், பசையும் தண்ணீராகவே இருக்கும். நீல வெளிச்சம் பட்டால் விழித்துக்கொண்டு மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கும், பசை இறுகிவிடும். சிவப்பு வெளிச்சத்துக்கு அசையாது. வெயிலிலும் நீலம் உண்டு என்பதுதான் வினை.

சிவப்பு பல்பு

அதனால் அறையில் ஒரு சிவப்பு பல்பு மட்டும் போட்டிருந்தேன். எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் சிவப்பு பல்பு எரியும் இடம் எது? சாமிப் படம் மாட்டிய இடம். கூட்டித் துடைக்க வந்த செல்வமணி அக்காவும் அதே தோட்டத்து லயம்தான். சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமையே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், போத்தல்களை மூடியிருந்த கறுப்புத் துணியை உருவி, கிழக்கு ஜன்னலையும் திறந்துவிட்டார். நான் வந்தபோது எல்லாம் இறுகிக் கிடந்தது. பசை வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருந்த மாதிரிப் பசை அது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் விளக்குமாற்றைப் பிடித்தபடி கேட்டார்: "சாமி ரூம கறுப்புத் துணி போட்டு மூடலாமா புள்ள?"

போத்தல் மேல் டோர்ச்

மறுபடி செய்தேன். இந்த முறை மேனேஜர். நான் சாப்பிட்டுவிட்டு வரும்போது, துணியை விலக்கி, போன் டோர்ச்சைப் போத்தலோடு ஒட்டிப் பிடித்து, சாவகாசமாக லேபல் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த வெளிச்சத்திலும் நீலம் உண்டு. என் கண்ணெதிரே பசை தடித்தது. அலுவலகத்தில் போய் அவர் சொன்னதோ வேறு. கூட்டுகிற பெண் மறுபடி கெடுத்துவிட்டாளாம், வாங்குகிறவர்கள் வந்து போனதும் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட வேண்டுமாம்.

பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம். அக்காவின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேரே மேனேஜரிடம் போய்க் கேட்டேன். சிங்களவரான அவர், தோட்டங்களில் பழகிய தமிழில் சொன்னார்: "அனே மிஸ், நான் கையால தொடவே இல்லையே."

கரண்ட் போன நேரம்

வாங்குகிறவர்கள் வந்த அன்று கரண்ட் போய்விட்டது. பசையை இறுக்கிக் காட்ட வைத்திருந்த நீல விளக்கு எரியவில்லை. மேனேஜர் என்னை முறைத்தார். மூன்றாம் முறை செய்து துணி சுற்றி வைத்திருந்த போத்தலை முற்றத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடித் துண்டுக்கும் ரப்பர் துண்டுக்கும் நடுவில் பசையைத் தடவி வெயிலில் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் இறுகியது. வந்தவர்களில் பெரியவர் இழுத்துப் பார்த்தார், பிரியவில்லை. இவ்வளவு நல்ல சாமானுக்கு ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டார். மேனேஜரின் விரல் தேத்தண்ணித் தட்டோடு நின்ற செல்வமணி அக்காவை நோக்கி நீண்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. என் வேலையும் போனால் போகட்டும் என்று, யாருடைய போன், எவ்வளவு நேரம் டோர்ச் என்பதை எல்லார் முன்னாலும் சிங்களத்தில் சொல்லிவிட்டேன். மேனேஜர் முகம் செத்துப்போயிற்று. அக்கா எங்களைக் கவனிக்கவே இல்லை. கண்ணாடித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் கிட்டே வந்து சொன்னார்: "அதே வெயில்தானே புள்ள? நான் விட்டா குத்தம், நீ விட்டா வித்தையா?"

அவர் வேலையும் போகவில்லை, என் வேலையும் போகவில்லை. ஜன்னலுக்கு ஆணி அடித்தாயிற்று, மேனேஜரின் போனுக்கு அடிக்கத்தான் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.