தனியா நல்லா இருக்கு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருஷம் மேலேயும் கீழேயுமாகவே போய்வந்ததால் தெருவில் அவருக்கு 'மேல்கீழ்' என்றே பெயர். லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, இங்கதான் இருக்கேன்" என்று கதவு திறக்கும்வரை பேசிக்கொண்டே இருப்பாராம். வீட்டிலோ அவரிடமிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஓய்வு பெற்ற மறுவாரமே சைக்கிளுக்குப் புது டயர் மாட்டினார். கடல்வரை போகப் போகிறாராம். நானூறு கிலோமீட்டர்.

"எதுக்கு?" என்றேன்.

"சும்மா."

"சும்மா யாராவது நானூறு கிலோமீட்டர் மிதிப்பாங்களா? பஸ் இல்லையா, ரயில் இல்லையா? நானும் கூட வரேன்."

"சைக்கிள்ல ஒரு சீட்டுதானே இருக்கு" என்றார்.

கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. கிளம்புகிற அன்று கேஸ் சிலிண்டரை மாற்றி, சமையலறைக் குழாய்க்கு வாஷர் போட்டுவிட்டுத்தான் போனார். பெண்டாட்டி பிடிக்காதவன் வாஷர் போடுவானா? எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, நான் ஜெராக்ஸ் கடையை மூடும் நேரம் பார்த்து, போன் வரும். வாயே திறக்காதவர் அரைமணி நேரம் பேசுவார். "இன்னைக்குப் பதினஞ்சு கிலோமீட்டர்தான். பாலத்து மேல உக்காந்து கூட்ஸ் வண்டிக்கு எத்தனை பெட்டின்னு எண்ணிக்கிட்டே இருந்துட்டேன்." இன்னொரு நாள், "இறக்கத்துல பிரேக்கே பிடிக்கலை. வாய் விட்டுச் சிரிச்சேனா, ஒரு பூச்சி உள்ள போயிடுச்சு!" மேடு வந்தால் இறங்கித் தள்ளுவாராம். "யாரும் பட்டனை அமுக்கி அவசரப்படுத்தலை, பாத்துக்கோ. எப்ப வேணா மேல போகலாம்."

"வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று திட்டினேன். ஆனால் உள்ளுக்குள் வேறு எரிச்சல். இத்தனை பேச்சை இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தார்? நான் பக்கத்தில் இல்லாவிட்டால்தான் வருமா?

பதினைந்தாம் நாள் மத்தியானம் கடையில் நல்ல கூட்டம். அப்போது அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'தனியா நல்லா இருக்கு.' முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மெஷினை நிறுத்த மறந்து நின்றேன். யாருடைய சான்றிதழோ நாற்பது காப்பி வந்து விழுந்தது.

அவர் தங்கை, என் நாத்தனார், அதைப் படித்துவிட்டு, "அண்ணன் மனசுல இருக்கறதைத்தானே எழுதியிருக்கு. விடுங்க அண்ணி" என்றாள். ஆறுதல் சொல்ல வந்த ஆளைப் பாருங்கள்!

மூன்று நாள் போனை எடுக்கவில்லை. அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்? ஐம்பத்தாறு வயதில், புருஷனுக்கு நான் வேண்டாமோ என்று அழுதேன்.

நான்காம் நாள் காலை கடை வாசலில் ஒரு லாரி நின்றது. தாடியும் மீசையுமாகச் சைக்கிளோடு இறங்கினார்.

"உனக்கு என்ன ஆச்சு? தங்கச்சிகிட்ட கேட்டா, 'அண்ணியையே கேளு'ன்னு போனை வச்சுட்டா. கடலுக்கு இன்னும் நாற்பதே கிலோமீட்டர். விட்டுட்டு ஓடி வரேன்!"

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு கேரியரிலிருந்து ஒரு துணிப்பையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். உள்ளே இரண்டு கிலோ மல்லி விதை.

"சந்தையில பார்த்தேன், நல்லா இருந்துச்சு. வாங்கட்டுமான்னு எழுதறதுக்குள்ள போன் அணைஞ்சுடுச்சு."

"நம்ம வீட்டுல இதுக்கு மல்லின்னுதானே பேரு!"

"அங்க அட்டையில 'தனியா'ன்னு போட்டிருந்துச்சு. அதையே எழுதிட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"அப்போ தனியாப் போனது நல்லா இல்லையா?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். மனிதர் யோசித்தார். "அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

சுருக்கென்றது.

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார் மறுபடியும். "இதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டேதான் பகல் பூரா மிதிப்பேன். நீ போன் எடுக்காத பிறகு ரோட்டுல என்ன இருந்துச்சுன்னே தெரியலை."

இதில் நான் எதை எடுத்துக்கொள்வது? இவருக்கு நான் வேண்டுமா, இல்லை நான் தூரத்தில் வேண்டுமா? குழப்பத்தோடேயே, "அந்த நாற்பது கிலோமீட்டரை ஏன் பாக்கி வைக்கறீங்க? போய்ட்டு வாங்க" என்றேன்.

"பஸ்ல போலாம். நீயும் வா" என்றார். இத்தனை வருஷத்தில் அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வரேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வேணாம். நான் பக்கத்துல இருந்தா நீங்க பேச மாட்டீங்க."