கடலுக்கு முதுகு காட்டிய கதிரை

எங்கள் அலுவலக யன்னலோரம் ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை கிடக்கிறது. அதன் பின்கால் ஒன்று சற்றுக் கோணியிருக்கும். ஓர்ஸ் ஹில் அரச அலுவலகத்தில் எங்கள் ஊடகப் பிரிவை நடத்திய மிஸ் அதில்தான் இருப்பார், எப்போதும் கடலைப் பார்த்தபடி. பேச வருகிறவர்களுக்கு அவருடைய பாதி முகம்தான் கிடைக்கும். கப்பல் எண்ணுகிறாரோ என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். ஆழிப்பேரலையில் அவருடைய அம்மாவும் தங்கையும் போனார்கள் என்று தெரிந்த பிறகு அந்தப் பகிடியை விட்டுவிட்டோம்.

அலுவலகத்தின் முகநூல் பக்கம் அவர் பொறுப்பில் இருந்தது. "தெரியாததைத் தெரியாது எண்டே போடுங்கோ தம்பி" என்பார். மழைக்காலத்தில், "வெருகல் பாதையின் நிலை இன்னும் தெரியாது, விசாரித்துக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதவைப்பார். இதையெல்லாமா போடுவது என்று மேலிடம் முகம் சுளிக்கும். ஆனால் சனம் முதலில் தேடி வந்தது எங்கள் பக்கத்துக்குத்தான்.

வெயில் எறித்த ஒரு காலையில் வாட்ஸ்அப்பில் யாரோ ஒருவருடைய குரல் பரவியது. "கடல் உள்ளுக்குப் போயிட்டுது, ஓடுங்கோ!" ஆழிப்பேரலைக்கு முன்னும் கடல் இப்படித்தான் உள்வாங்கியது; இந்த ஊருக்கு வேறென்ன வேண்டும்? பஸ் நிலையத்தடியில் வாகனங்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றன. கைக்குழந்தையோடு ஓட்டோவில் ஏறிவிட்டதாகச் சொன்ன என் மனைவியின் அழைப்பு பாதியில் அறுந்தது. நான் திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தேன். மிஸ் உரிய இடங்களில் கேட்டு, எச்சரிக்கை எதுவும் இல்லை என்று உறுதிசெய்து பதிவு போட்டார். "அறைக்குள்ள இருந்து எழுதுறது சுகம்" என்று அதன் கீழ் ஒருவர் எழுதினார். அதை வாசித்த மிஸ் கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்; நானும் பின்னால் போனேன்.

மலையடிக் கரையில், கால்கள் நனையும் இடத்தில் கதிரையைப் போட்டு, கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்தார். கைபேசியை என்னிடம் தந்தார்.

"நான் திரும்பினா சனம் பயந்திடும். நீங்க கடலைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ."

நேரலை தொடங்கியது. பயமில்லையா மிஸ் என்று யாரோ கருத்தில் கேட்டார்கள்.

"பயம்தான். ஆனா கடல் வத்தேல்லை. என்ரை காலடியைப் பாருங்கோ, தண்ணி நிக்குது. நீங்கள் எல்லாரும் வீட்டை போகுமட்டும் நான் இதிலதான் இருப்பன்."

ஓர் அலை வந்து கதிரையைத் தள்ளியது. பின்கால் கல்லிடுக்கில் சிக்கிக் கோணியது. அவர் கண்ணை ஒருமுறை இறுக மூடினார், திரும்பவில்லை. இப்படியும் ஒரு மனுஷியா! கருத்துகளுக்கிடையே என் மனைவியின் பெயர் வந்தது. "மிஸ்ஸைப் பாத்திட்டம். திரும்பி வாறம்." நான் அழுதேன். அப்போதும் கடலிலிருந்து கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது.

மிஸ் இப்போது வேறு மாவட்டத்தில். பக்கம் என் பொறுப்பில். கதிரையை ஆட்களைப் பார்த்துத் திருப்பிப் போடலாமே என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள். நான் விடுவதில்லை. கடலைப் பார்த்தது போதும் என்று மிஸ் இன்னும் எனக்குச் சொல்லவில்லை.